பூமொட்டுக்குள் வேண்டுமென்றே உடைக்கப்படும் டிஎன்ஏ

கடுகுக் குடும்பத்தில் அராபிடாப்சிஸ் என்று ஒரு சிறு செடி இருக்கிறது. தாவர மரபியலில் நாம் இன்று அறிந்ததில் பெரும்பகுதி இந்தச் செடியை வைத்து அறிந்ததுதான். அதன் பூமொட்டு ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட எட்டாத பருவத்தில், உள்ளே மகரந்தப்பையில் இருக்கும் சில செல்கள் தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே வெட்டிக்கொள்கின்றன. ஒரு செல்லில் ஏறக்குறைய 150 முதல் 250 இடங்களில். வெறும் கீறல் என்று நினைக்க வேண்டாம். டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் ஒரே இடத்தில் அறுக்கும் வெட்டு. இலையிலோ வேரிலோ இருக்கும் ஒரு செல்லுக்கு ஒரே நேரத்தில் இத்தனை வெட்டு விழுந்தால் அது தேறி வருவது மிகவும் கடினம். மொட்டில் இருக்கும் செல்லோ ஓரிரு நாளுக்குள் அத்தனையையும் ஒட்டி முடித்து, மகரந்தம் ஆகும் வழியில் போய்விடுகிறது.

பள்ளிப் பாடத்தில் டிஎன்ஏ பழுதுநீக்கம் ஒரு பக்கம் இருக்கும், மகரந்தமும் சூலும் உருவாக நடக்கும் செல் பகுப்பான குன்றல் பகுப்பு வேறொரு பக்கம் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் படித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் செடிக்குள் இவை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பட்டறை, பல கருவிகளும் பொதுவானவை. வெயிலில் கிழிந்த டிஎன்ஏவைத் தைக்கும் கருவிகளை எடுத்துத்தான் செடி தன் அடுத்த தலைமுறைக்கான மரபணுக்களைக் கலந்து தருகிறது. இதைப் புரிந்துகொண்டால், கேட்டாலே தலைசுற்றும் அந்த மரபணுப் பெயர்களெல்லாம் தானாகவே ஓர் ஒழுங்கில் வந்து நிற்கும்.

முதலில் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மரபணு என்பது செய்முறைக் குறிப்பு. அதைப் பார்த்துச் செல் தயாரிக்கும் புரதம்தான் வேலையைச் செய்யும். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பெயர். அந்தப் பெயரைப் பார்த்து வேலையை ஊகிக்கவும் முடியாது. ஒரு மரபணு கெட்டுப்போனால் என்ன ஆனது என்பதை வைத்துத்தான் அதற்குப் பெயர் வைத்திருப்பார்கள், அதுவும் பல சமயம் ஈஸ்ட்டில் பார்த்தது. கதிர்வீச்சுக்குத் தாங்காத ஈஸ்ட்டில் கண்டுபிடித்தவை ரேட் வரிசை. வித்து (ஸ்போர்) உண்டாக்க முடியாத ஈஸ்ட்டில் கண்டுபிடித்தவை ஸ்போ வரிசை. பின்னாளில் செடிகளிலும் அதே மரபணுக்கள் கிடைத்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

அன்றாடக் காயங்கள்

டிஎன்ஏ கல்வெட்டு மாதிரி அசையாமல் இருக்கும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் தீவிர மூலக்கூறுகள் அதன் எழுத்துகளைத் திரிக்கின்றன. நகலெடுக்கும்போது எழுத்துப் பிழை விழுகிறது. செடிகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவற்றின் சாப்பாடே வெயில்தான். வெயிலோடு புற ஊதாக் கதிரும் சேர்ந்தே வரும். நிழல் தேடி நகரவும் முடியாது.

புற ஊதாக் கதிர் பட்டால், டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நகலெடுக்கும் நொதி அந்த இடத்தில் வந்து தடுக்கி நிற்கும். இதைச் சரிசெய்யச் செடிகளிடம் ஃபோட்டோலயேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. நீல ஒளியையும் அதை ஒட்டிய அலைநீளங்களையும் உள்வாங்கி, அந்த ஆற்றலைக் கொண்டே ஒட்டியதைப் பிரித்துவிடும். காயப்படுத்திய வெயிலே மருந்துக்கான ஆற்றலையும் தருகிறது. மனிதன் உட்பட நஞ்சுக்கொடியுள்ள பாலூட்டிகள் இந்த நொதியைப் பரிணாமத்தின் வழியில் இழந்துவிட்டன. நாம் அந்தத் துண்டையே வெட்டி எறிந்து புதிதாக நிரப்பும் சுற்றுவழியில்தான் இதைச் சரிசெய்கிறோம். செடிகளிடம் அந்த வழியும் இருக்கிறது, இருட்டில் அதுதான் கைகொடுக்கும். 2015இல் வேதியியலுக்கான நோபல் பரிசு டிஎன்ஏ பழுதுநீக்கத்துக்காகத் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஜீஸ் சன்சார் மூவருக்கும் கிடைத்தது. சன்சார் தன் ஆராய்ச்சி வாழ்வைத் தொடங்கியதே இந்த ஃபோட்டோலயேஸில்தான்.

ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஜப்பானிய நெல்லில் நல்ல சான்று ஒன்று இருக்கிறது. சசானிஷிகி, நோரின் 1 என்று இரண்டு ரகங்கள். முதலாவது புற ஊதாக் கதிரைத் தாங்கும், இரண்டாவது வாடிப்போகும். ஆராய்ந்து பார்த்தால் ஃபோட்டோலயேஸ் புரதத்தின் 126ஆவது இடத்தில் முன்னதில் குளுட்டமின் இருக்கிறது, பின்னதில் ஆர்ஜினின் இருக்கிறது. அந்த ஓர் அமினோ அமிலம் மாறியதில் நொதியின் வேகம் குறைந்துவிட்டது.

எழுத்துப் பிழைகளைத் திருத்த இன்னொரு குழு இருக்கிறது. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, எம்எல்எச்1 ஆகியவை அதில் முக்கியமானவை. புதிதாக எடுத்த நகலை மூலத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாத இடத்தைத் திருத்துவது இவற்றின் பொறுப்பு. இந்தப் பெயர்களை நினைவில் வையுங்கள். மொட்டுக்குள் இவற்றின் உறவினர்களைச் சந்திப்போம்.

இனி இரட்டை இழை முறிவு. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால், பார்த்துச் சரிசெய்ய எதிர் இழையும் இருக்காது. அப்போது செல்லுக்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, அறுந்த முனைகளைப் பிடித்து நேராக ஒட்டிவிடுவது. கேயூ70, கேயூ80 என்ற இரண்டும் மோதிரம் போல முனையில் மாட்டிக்கொள்ள, லிகேஸ்4 ஒட்டுகிறது. வேகமான வேலை. ஆனால் ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் போகலாம், சில சேரலாம். இன்று கிரிஸ்பர் முறையில் செடிகளின் மரபணுக்களைத் திருத்துகிறார்களே, அதில் பெரும்பாலும் கிரிஸ்பர் வெட்ட மட்டுமே செய்கிறது. மாற்றம் உண்டாவது செடியின் சொந்த ஒட்டுவேலை பிசகுவதால்தான்.

இரண்டாவது வழி நிதானமானது. அதே வரிகள் அப்படியே இருக்கும் வேறொரு பிரதியைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்து எழுதிக்கொள்வது. ஓலை சிதைந்த சுவடியை இன்னொரு சுவடியோடு ஒப்பிட்டு நிரப்புவது போல. இந்த வழியின் நாயகன் ரேட்51. அறுந்த முனையிலிருந்து நீளும் ஒற்றை இழையின் மேல் இந்தப் புரதம் வரிசையாக அடுக்கிக்கொண்டு, பொருந்தும் பிரதி எங்கே என்று தேடும். ரேட்51ஐ அந்த இழையில் ஏற்றிவிடுவது பிஆர்சிஏ2. மார்பகப் புற்றுநோய் பற்றிய செய்திகளில் நீங்கள் கேட்டிருக்கும் அதே பெயர்தான். அராபிடாப்சிஸில் அது இரண்டு பிரதியாக இருக்கிறது. மனிதரில் கெட்டால் புற்றுநோய்க்கு வழிவிடும் ஒரு மரபணு, செடியில் கெட்டால் விதை பிடிக்காமல் செய்கிறது. அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றே.

காயம் பட்டதை அறிவிக்கவும் ஆள் வேண்டும். ஏடிஎம், ஏடிஆர் என்ற இரண்டு நொதிகள் அதைச் செய்கின்றன. விலங்குகளில் இந்தச் செய்தி பி53 என்ற புகழ்பெற்ற புரதத்துக்குப் போகும். செடிகளில் பி53 கிடையாது. அதன் இடத்தில் சாக்1 இருக்கிறது. இரண்டுக்கும் உருவத்தில் எந்த உறவும் இல்லை, ஆனால் வேலை ஒன்றே: செல் பகுப்பை நிறுத்து, பழுதுநீக்கும் மரபணுக்களை முடுக்கு, முடியாவிட்டால் செல்லை மடியவிடு. வேர் நுனியின் மூலச் செல்கள் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவை. வேறு செல்கள் தாங்கிக்கொள்ளும் அளவு சேதத்துக்கே அவை உயிரை விட்டுவிடும். அக்கம்பக்கத்துச் செல்கள் அந்த இடத்தை நிரப்பும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. விலங்குகளில் இனப்பெருக்கச் செல்கள் கருவிலேயே தனியாக ஒதுக்கி வைக்கப்படும். செடிகளில் அப்படி இல்லை. இலையும் தண்டும் உண்டாக்கிய அதே நுனிதான் பிறகு பூவையும் உண்டாக்கும். நுனியின் மூலச் செல்லில் திருத்தாமல் விட்ட பிழை, பூ வழியாக விதைக்குள்ளும் போய்விடலாம்.

வெட்டுவது எதற்காக

சரி, இப்போது மொட்டுக்குள் போவோம். சாதாரண செல்லில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். அராபிடாப்சிஸில் 5 ஜோடி, நெல்லில் 12 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. மகரந்தத்துக்கும் சூலுக்கும் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போக வேண்டும். இல்லையென்றால் தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். இப்படிப் பாதியாகக் குறைக்கும் பகுப்புதான் குன்றல் பகுப்பு. டிஎன்ஏவை ஒருமுறை நகலெடுத்து, செல்லை இருமுறை பிரிப்பது.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் செல்லின் நிலையில் நின்று யோசித்துப் பாருங்கள். நெல்லின் செல்லுக்குள் 24 குரோமோசோம்கள் நூல்கண்டு மாதிரி கலைந்து கிடக்கின்றன. எதற்கு எது ஜோடி என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைக்க வேண்டும். அப்போதுதான் எதிரெதிர்ப் பக்கத்துக்குச் சரியாக இழுக்க முடியும். பிடிமானம் இல்லாத ஜோடி தன் போக்கில் போகும். ஒரு மகரந்தத்தில் இரண்டும் போய்ச் சேரும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. இரண்டுமே பெரும்பாலும் வீண்.

டிஎன்ஏ முறிவு இந்த இரண்டு பிரச்சினைக்கும் சேர்த்தே தீர்வு. அறுந்த முனை தனக்குப் பொருந்தும் வரிகளைத் தேடிப் போகும் என்று மேலே பார்த்தோம். அந்தத் தேடல்தான் ஜோடியை அடையாளம் காட்டுகிறது. ஒட்டி முடிக்கும்போது சில இடங்களில் இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி இணைகின்றன. அதுதான் குறுக்கேற்றம். அந்த இணைப்புதான் ஜோடியைப் பிரியாமல் பிடித்து வைக்கும் முடிச்சு. மரபணுக் கலப்பு என்று நாம் கொண்டாடுவதும், குரோமோசோம் எண்ணிக்கை தவறாமல் இருப்பதும் அந்த ஒரே முடிச்சிலிருந்து வருகின்றன. குறுக்கேற்றத்தில் குரோமோசோம் துண்டுகள் உண்மையாகவே இடம் மாறுகின்றன என்பதை 1931இல் மக்காச்சோளத்தில் ஹேரியட் கிரைட்டனும் பார்பரா மக்ளின்டாக்கும் நுண்ணோக்கியின் கீழ் காட்டினார்கள். டிஎன்ஏவின் வடிவம் தெரியவருவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னால்.

வெட்டும் கத்தி ஸ்போ11. இதன் பூர்வீகம் சுவையானது. ஆர்க்கியா எனப்படும் நுண்ணுயிர்களில் டிஎன்ஏவின் சிக்கலை அவிழ்க்கும் ஒரு நொதி இருக்கிறது. அது டிஎன்ஏவை வெட்டும், சிக்கலை எடுக்கும், உடனே திரும்ப ஒட்டும். ஸ்போ11 அதன் வழித்தோன்றல், ஆனால் திரும்ப ஒட்டும் பழக்கத்தை விட்டுவிட்டது. ஈஸ்ட்டில் குன்றல் பகுப்பின் வெட்டுகளைப் போடுவது இதுதான் என்பது 1997இல் தெளிவானது. ஈஸ்ட்டுக்கும் நமக்கும் ஸ்போ11 ஒன்றே ஒன்று. அராபிடாப்சிஸில் மூன்று இருக்கின்றன. முதல் இரண்டும் சேர்ந்துதான் மொட்டில் வெட்டுகின்றன, ஒன்று இல்லாவிட்டால் மற்றதால் தனியாக முடியாது. மூன்றாவது இன்னமும் முன்னோரின் தொழிலையே செய்கிறது, உடல் செல்களில் சிக்கல் அவிழ்க்கும் வேலை. அது கெட்டால் செடி குள்ளமாகிவிடும்.

ஸ்போ11 தனியாகப் போய் வெட்டுவதும் இல்லை. எம்டாப்விஐபி என்ற துணைப் புரதம் வேண்டும். 2016இல்தான் அதை அடையாளம் கண்டார்கள். பிஆர்டி1, பிஆர்டி2, பிஆர்டி3 என்று இன்னும் சிலவும் வேண்டும். பிஆர்டி3க்கு நெல்லில் பேர்1 என்று பெயர். கட்டுரையின் கடைசியில் அது மறுபடி வரும். வெட்டிய பிறகு ஸ்போ11 அறுந்த முனையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். எம்ஆர்இ11, ரேட்50 ஆகியவை அதை நீக்கி, முனையைச் சீவி, ஒற்றை இழையை நீளவிடுகின்றன. இந்த இரண்டும் இலையிலும் வேரிலும் சாதாரண முறிவுகளைக் கவனிப்பவைதான்.

இரட்டையரில் இருவருக்கு இரண்டு வேலை

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ரேட்51க்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. பெயர் டிஎம்சி1. உருவம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒற்றை இழையின் மேல் அடுக்கிக்கொண்டு துணை தேடுவதும் ஒன்றுதான். ஆனால் ரேட்51 உடல் முழுக்க வேலை செய்யும், டிஎம்சி1 குன்றல் பகுப்பில் மட்டும் தலைகாட்டும். ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பேர்?

அறுந்த முனைக்குப் பொருந்தும் பிரதிகள் செல்லில் இரண்டு வகை. டிஎன்ஏ ஏற்கெனவே நகலெடுக்கப்பட்டுவிட்டதால், ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அச்சு அசலான முழு நகல் ஒன்று, சகோதர இழை என்ற பெயரில், பக்கத்திலேயே ஒட்டி இருக்கிறது. அதைப் பார்த்து எழுதினால் காயம் மறைந்துவிடும், எந்த வித்தியாசமும் தெரியாது. இலையின் செல்லுக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் மொட்டின் செல்லுக்கு அது பயன்படாது. சகோதரனோடு ஒட்டிக்கொண்டால் ஜோடியை எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனையோ தள்ளி இருக்கும் ஜோடிக் குரோமோசோமைத்தான் தேட வேண்டும். டிஎம்சி1 அந்தப் பக்கம் போகிறது.

இது எப்படித் தெரியும்? மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்துத்தான். நல்ல அராபிடாப்சிஸ் செல்லில், முதல் பிரிவுக்குத் தயாராகும்போது 5 ஜோடிகள் இணைந்து நிற்பது தெரியும். ஸ்போ11 கெட்ட செடியில் 10 குரோமோசோம்களும் முழுசாக, ஆனால் தனித்தனியாக நிற்கும். வெட்டே விழவில்லை, அதனால் யாரும் யாரையும் தேடவில்லை. டிஎம்சி1 கெட்ட செடியிலும் பார்வைக்கு அதேதான்: முழுசாக 10, தனித்தனியாக. ஆனால் இங்கே வெட்டுகள் விழுந்தன. அவற்றை ரேட்51 சகோதர இழையை வைத்து ஒட்டிவிட்டது. காயம் ஆறியது, ஜோடி சேரவில்லை. ரேட்51 கெட்ட செடியைப் பார்த்தால் மனம் பதறும். குரோமோசோம்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். அந்தத் துண்டுகள் ஏன் வந்தன? ரேட்51, ஸ்போ11 இரண்டையும் ஒரே செடியில் கெடுத்துப் பார்த்தார்கள். துண்டுகள் இல்லை, மறுபடி முழுசாக 10. ஆக, சிதறல் எல்லாம் ஸ்போ11 போட்டுவிட்டு ஒட்டாமல் கிடந்த வெட்டுகளிலிருந்து வந்தவை. ஒரு மூலக்கூறைக்கூட நேரில் பார்க்காமல், இரண்டு செடிகளைக் கலப்புச் செய்து எது முன்னால் எது பின்னால் என்று நிறுவிவிடலாம். மரபியலின் தர்க்கம் இவ்வளவு தெளிவாக வேலை செய்யும் இடங்கள் அதிகமில்லை.

செடிகளுக்கு இதில் ஒரு வசதியும் இருந்தது. எலியில் ரேட்51ஐ நீக்கினால் கருவிலேயே இறந்துவிடும், குன்றல் பகுப்பைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. அராபிடாப்சிஸில் ரேட்51 இல்லாவிட்டாலும் செடி முளைத்து, வளர்ந்து, பூக்கவும் செய்யும். விதை மட்டும் பிடிக்காது. அதனால்தான் இந்தப் படங்களை எடுக்க முடிந்தது.

பிறகு இன்னொரு திருப்பம் வந்தது. ரேட்51இன் மீது ஒளிரும் புரதம் ஒன்றைப் பொருத்தினால், இழையில் அடுக்கி நிற்கும், ஆனால் இழைகளைப் பரிமாற்றும் சக்தி போய்விடும். அப்படிப்பட்ட செடி விதை பிடித்தது! மொட்டுக்குள் ரேட்51 பக்கத்தில் நின்றால் போதும், டிஎம்சி1 மொத்த வேலையையும் முடித்துவிடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. உடல் முழுக்கத் தலைமை தாங்கும் ரேட்51 இங்கே உதவியாளராகக் கை கட்டி நிற்கிறது. டிஎம்சி1 வராமல் போனால் மட்டும் தானே இறங்கி ஒட்டுகிறது.

இருநூறு வெட்டு, பத்து முடிச்சு

இருநூறு இடத்தில் வெட்டினாலும் அராபிடாப்சிஸ் செல்லில் குறுக்கேற்றங்கள் சுமார் 10தான். மற்ற வெட்டுகள் எல்லாம் துண்டு இடம் மாறாமல் ஒட்டப்படுகின்றன. அவற்றிலும் அங்கங்கே ஜோடியின் சில எழுத்துகள் ஏறியிருக்கும். சுவடி பிரதி எடுக்கும்போது பாடபேதம் நுழைவதைப் போல.

எந்த வெட்டு முடிச்சாகும் என்பதைத் தீர்மானிக்க ஒரு மரபணுக் கூட்டமே இருக்கிறது. எம்எஸ்எச்4, எம்எஸ்எச்5, ஜிப்4, எம்இஆர்3, ஹெய்10, எம்எல்எச்1, எம்எல்எச்3 ஆகியவை அதில் சில. எம்எஸ்எச் என்றதும் ஞாபகம் வருகிறதா? எழுத்துப் பிழை திருத்தும் குடும்பத்தின் உறவினர்கள்தான் எம்எஸ்எச்4உம் 5உம். பிழை திருத்துவதை விட்டுவிட்டு முடிச்சுகளைக் காப்பாற்றும் வேலைக்கு வந்துவிட்டன. எம்எல்எச்1 இரண்டு இடத்திலும் வேலை பார்க்கிறது. குறுக்கேற்றங்களில் 85 முதல் 90 விழுக்காடு இந்தக் கூட்டத்தின் வழியில் வருபவை. இவற்றுக்கு ஒரு குணம் உண்டு: ஓர் இடத்தில் முடிச்சு விழுந்தால் அதன் அருகில் இன்னொன்று விழாது. அதே சமயம் ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது ஒன்று கட்டாயம் கிடைத்துவிடும். மீதி குறுக்கேற்றங்கள் எம்யூஎஸ்81 போன்றவற்றின் வழியில் வருகின்றன, அவற்றுக்கு இந்த இடைவெளிக் கட்டுப்பாடு கிடையாது.

ஒரு முடிச்சு விழுந்தது தூரத்தில் இருக்கும் இடத்துக்கு எப்படித் தெரிகிறது? நூறாண்டுகளுக்கு மேல் பழைய கேள்வி இது. 2021இல் அராபிடாப்சிஸில் இருந்து அழகான ஒரு விளக்கம் வந்தது. ஜோடிகளுக்கு நடுவே ஏணி போல ஒரு புரத அமைப்பு உருவாகும். ஹெய்10 புரதம் முதலில் அதன் நெடுகிலும் பல சிறு துளிகளாகச் சேர்கிறது. பின்பு பெரிய துளிகள் சிறியவற்றிலிருந்து புரதத்தை இழுத்துக்கொண்டு மேலும் பெரிதாகின்றன, சிறியவை கரைந்துபோகின்றன. கடைசியில் எஞ்சும் சில பெரிய துளிகள் இருக்கும் இடத்தில் குறுக்கேற்றம். ஒரு பெரிய துளியின் அக்கம்பக்கம் வறண்டுபோவதால் அங்கே இன்னொன்று வளர முடியாது. யாரும் யாருக்கும் செய்தி அனுப்ப வேண்டியதில்லை. ஹெய்10 மரபணுவின் பிரதிகளைக் கூட்டினால் குறுக்கேற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அந்த ஏணியின் முக்கியப் புரதமான ஜிப்1ஐ எடுத்துவிட்டால் இடைவெளிக் கட்டுப்பாடே போய்விடுகிறது. இரண்டும் இந்த விளக்கத்தோடு பொருந்துகின்றன.

குறுக்கேற்றத்தைத் தடுக்கும் மரபணுக்களும் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஜிப்4 கெட்ட செடியில் முடிச்சுகள் போதாது, விதை மிகக் குறைவு, அதனால் காய்களும் குட்டையாகவே இருக்கும். தாவர மரபியலாளர் ரஃபேல் மெர்சியேவின் குழு இந்தச் செடிகளின் மரபணுக்களில் கண்டபடி மாற்றங்களை உண்டாக்கி, ஆயிரக்கணக்கில் வளர்த்து, காய் நீளமாக இருக்கும் செடி ஏதாவது தென்படுகிறதா என்று தேடியது. காய் நீண்டிருந்தால் விதை பிடித்திருக்கிறது. விதை பிடித்திருந்தால் முடிச்சுகள் எங்கிருந்தோ வந்திருக்கின்றன. அப்படிச் சிக்கியதுதான் 2012இல் அறிவிக்கப்பட்ட ஃபேன்க்எம். ஃபான்கோனி இரத்தசோகை என்ற மனித நோயோடு தொடர்புள்ள அதே மரபணு. அது இல்லாத அராபிடாப்சிஸில் குறுக்கேற்றம் மூன்று மடங்கு. பிறகு ரெக்கியூ4, ஃபிக்ல்1 என்ற தடைகளும் தெரியவந்தன. இவை இரண்டையும் சேர்த்து நீக்கிய கலப்பினச் செடியில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. நெல், பட்டாணி, தக்காளி மூன்றிலும் ரெக்கியூ4ஐ நீக்கியபோது சராசரியாக மூன்று மடங்கு ஏறியது.

பயிர் மேம்படுத்துவோருக்கு இது பெரிய செய்தி. காட்டு ரகத்திலிருந்து நோய் எதிர்ப்பு மரபணு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், அதை ஒட்டியிருக்கும் வேண்டாத மரபணுவைக் கழற்றிவிட வேண்டும் என்றால், சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்கேற்றம் விழ வேண்டும். கோதுமை, பார்லி போன்றவற்றில் குறுக்கேற்றங்கள் குரோமோசோமின் ஓரங்களிலேயே குவிகின்றன. நடுவில் இருக்கும் ஏராளமான மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுக்கட்டாகவே போகின்றன. வெறுமனே எண்ணிக்கையைக் கூட்டினால் நடுப்பகுதி திறந்துவிடும் என்று சொல்ல முடியாது; என் பார்வையில் இடத்தை மாற்றுவதுதான் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடக் கடினமான வேலை.

கோதுமையில் வேறொரு சிக்கலும் உண்டு. அது மூன்று புல்லினங்கள் சேர்ந்து உண்டான பயிர், 42 குரோமோசோம்கள். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் உண்மையான ஜோடி ஒன்று, ஜோடி போலவே இருக்கும் ஒன்றுவிட்ட உறவுகள் நான்கு. ஆனாலும் அது குழம்பாமல் 21 ஜோடிகளாகவே சேர்கிறது. 5பி குரோமோசோமில் இதற்குக் காரணமான ஓர் இடம் இருக்கிறது என்று 1958இலேயே தெரியும். பிஎச்1 என்று பெயர். அந்த இடத்துக்குள் இருக்கும் எந்த மரபணு என்பது தெரிய அறுபது ஆண்டுகள் ஆயின. மேலே பார்த்த ஜிப்4இன் கூடுதல் பிரதி ஒன்றுதான் அது.

வெட்டாமலே விட்டால்

கலப்பின நெல்லின் விளைச்சல் அதிகம். ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் அதே செடி வராது. குன்றல் பகுப்பில் மரபணுக்கள் கலைந்துவிடும். அதனால் ஒவ்வொரு பருவமும் விதையைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கலைப்பையே நிறுத்த முடியுமா?

முடியும் என்று 2009இல் அராபிடாப்சிஸில் காட்டினார்கள், 2016இல் நெல்லில். மூன்று மரபணுக்களைக் கெடுத்தால் போதும். நெல்லில் அவை பேர்1, ரெக்8, ஓஎஸ்டி1. பேர்1 இல்லாவிட்டால் டிஎன்ஏவில் வெட்டு விழாது, ஆகவே கலப்பு இல்லை. ரெக்8 சகோதர இழைகளைச் சேர்த்துக் கட்டும் பசை. அது இல்லாவிட்டால் முதல் பிரிவிலேயே சகோதர இழைகள் பிரியும். ஓஎஸ்டி1 இல்லாவிட்டால் இரண்டாவது பிரிவு நடக்காது. மூன்றும் சேர்ந்தால் குன்றல் பகுப்பு சாதாரணப் பகுப்பாக மாறிவிடுகிறது. தாய்ச் செடியின் மரபணுக்கள் அப்படியே, ஓர் எழுத்தும் கலையாமல், முட்டைக்குள் போய்ச் சேர்கின்றன.

ஆனால் அந்த முட்டை மகரந்தத்தோடு சேர்ந்தால் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாகும். அதனால் கருவுறாமலே கரு வளரவும் வழி செய்ய வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழு, பேபிபூம்1 என்ற மரபணுவை நெல்லின் முட்டைச் செல்லில் முடுக்கிவிட்டு அதைச் சாதித்தது. அந்த மூன்று மாற்றங்களோடு இதையும் சேர்த்து, விதை வழியாகவே தாயின் அச்சு நகல்களை உண்டாக்கியதை 2019இல் வெளியிட்டார்கள். அப்போது கிடைத்த விதைகளில் ஒரு பகுதிதான் நகல்கள். 2022 இறுதியில் வெளியான ஆய்வில், வணிகக் கலப்பின நெல் ஒன்றில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நகல் விதைகள் கிடைத்தன.

அந்த நெற்செடியின் மகரந்தப்பையில் ஸ்போ11 இருக்கும், ஆனால் வெட்டாது. டிஎம்சி1க்குத் தேட எதுவும் இருக்காது. அதே செடியின் இலையில் எந்த மாற்றமும் இல்லை. காலை வெயில் பட்டதும் தைமின்கள் ஒட்டிக்கொள்கின்றன, ஃபோட்டோலயேஸ் அதே வெளிச்சத்தில் அவற்றைப் பிரிக்கிறது. எங்காவது இழை அறுந்தால் கேயூ வந்து முனையைப் பிடிக்கிறது, அல்லது ரேட்51 சகோதர இழையைத் தேடிப் போகிறது.